கேஸ் வைத்த பழம் வேறு, கல் வைத்த பழம் வேறு

"கேஸ் பழம்னா விஷம்னு யாரும் வாங்க மாட்றாங்க சார். அதான் பழையபடி கல்லே வெச்சுட்டேன்." வியாசர்பாடியில் தள்ளுவண்டி வைத்திருக்கும் ஓர் அக்கா போன வாரம் சொன்னது இது. மாங்காய்க் கூடைக்குள் காகிதப் பொட்டலத்தில் கார்பைடு கல். பழங்களைப் பழுக்க வைக்கும் அறைகளைச் சரிபார்ப்பது என் வேலை. இதே பேச்சைக் கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அந்த கேஸ் எத்திலீன், ஐயா. எந்தத் தொழிற்சாலைக்கும் முன்னால் பழம் தானே உண்டாக்கி வந்த பொருள். மா, வாழை, பப்பாளி, தக்காளி எல்லாம் நன்றாக விளைந்ததும் எத்திலீன் தயாரிக்கும் மரபணுக்கள் வேகமெடுக்கும். வெளிவரும் எத்திலீன் அவற்றை இன்னும் தூண்டும். அப்புறம் பச்சையத்தைச் சிதைப்பவை, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குபவை, காயைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் பெக்டினைக் கரைத்துச் சதையை இளக்குபவை, நிறமும் மணமும் தருபவை என்று மற்ற மரபணுக்களும் வேலையைத் தொடங்கும். அறையில் நாங்கள் விடும் எத்திலீன் இதைத் தொடங்கி மட்டும் வைக்கிறது. அதற்கு அனுமதித்த அளவு 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு. கதவைத் திறந்தால் போய்விடும். இதைத்தான் விஷம் என்று ஒதுக்குகிறோம்!

கல் அப்படியில்லை. ஈரம் பட்டதும் அதிலிருந்து அசெட்டிலீன் வருகிறது. எத்திலீன் செய்யும் வேலையை அதுவும் செய்யும், ஆனால் வலு மிகக் குறைவு. அதனால்தான் அள்ளி வைக்கிறார்கள். வெல்டிங் பட்டறைக்காகச் செய்த சரக்கு அது, ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும். பழத்துக்கு அதை வைக்கக் கூடாது என்று 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறையிலேயே தடை இருக்கிறது. வியாபாரிகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்தப் பொட்டலத்தைப் பிள்ளைகள் தூங்கும் அறையில் வைக்காதீர்கள். தண்ணீர் பட்டு வரும் அசெட்டிலீன் ஒரு தீப்பொறிக்கே பற்றிக்கொள்ளும்.

இன்னொன்று. கல்லோ கேஸோ, விளையாத காயைப் பழமாக்க எதனாலும் முடியாது. 'ரின்' என்று ஒரு தக்காளி வகை உண்டு. எத்திலீன் அறையில் எத்தனை நாள் வைத்தாலும் அது பழுக்காது. அதில் பழுத்தலை நடத்தும் மரபணுவில் கோளாறு இருப்பதை 2002-இல் கண்டுபிடித்தார்கள். இளங்காயின் நிலையும் ஏறக்குறைய அதுதான். அதன் மரபணுக்கள் இன்னும் தயாராகவில்லை. தோல் மட்டும் மஞ்சளாகும், உள்ளே வெளுத்துப் புளிக்கும். சீசனுக்கு முன்னால் பளபளவென்று மஞ்சளாக வரும் மாம்பழத்தை ஏன் வாங்குகிறீர்கள்? நீங்கள் கேட்பதால்தான் அவர்கள் பிஞ்சைப் பறிக்கிறார்கள்.

நிறத்தை நம்பாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நம் ஊர் வெயிலில், 25 டிகிரிக்கு மேல் பழுக்கும் மோரிஸ் வாழையின் தோலில் பச்சையம் சரியாகச் சிதையாது. சதை இனித்துக் குழைந்திருக்கும், தோல் பச்சையாகவே நிற்கும். அதைக் காய் என்று தள்ளிவிட்டு, தகதகவென்று இருப்பதைத் தேடுகிறீர்கள்.

மாங்காய் வாங்கும்போது காம்பைச் சுற்றித் தோள் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் போட்டால் விளைந்த காய் பெரும்பாலும் மூழ்கும், இளங்காய் மிதக்கும். விளைந்ததை வைக்கோலில் வையுங்கள், அல்லது ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போடுங்கள், அதன் எத்திலீனே போதும். எந்தப் பழமானாலும் ஓடும் தண்ணீரில் கழுவியே சாப்பிடுங்கள். திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி பறித்த பிறகு இனிக்காது, காத்திருக்க வேண்டாம். செங்காய்த் தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மணம் தரும் மரபணுக்கள் அடங்கிவிடும், வெளியே எடுத்து வைத்தாலும் பழைய மணம் முழுதாகத் திரும்பாது.