முகட்டுக்கயிறு

இரண்டு மரங்களுக்கிடையே தொங்கு படுக்கை கட்டி, அதற்கு மேல் ஒரு தறப்பாளை விரித்துக் காட்டில் இரவு தங்குவது எங்கள் கொழும்பு நண்பர் வட்டத்தில் சில காலமாக நடக்கிறது. அந்தத் தறப்பாளின் நடுமுதுகைத் தாங்கிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடும் கயிற்றை எல்லோரும் ‘ரிட்ஜ்லைன்’ என்றே சொல்கிறோம். தமிழில் ‘முகட்டுக் கோடு’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி பிழை.

‘ரிட்ஜ்’ பழைய ஆங்கிலத்தில் முதுகு, முதுகெலும்பு என்று பொருள்பட்ட சொல். பிறகுதான் அது மலைத்தொடரின் உச்சிக்கும் கூரையின் உச்சிக்கும் போனது. ‘லைன்’ லத்தீனில் ஆளி நாரில் திரித்த நூலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அப்படிப் பார்த்தால் நூலும் கயிறும்தான் அதன் பழைய பொருள், கோடு பின்னால் வந்தது. கடலோடிகள் இன்றும் கயிற்றை ‘லைன்’ என்கிறார்கள். கூடாரக்காரர்கள் சொல்வதும் அதே பொருளில்தான்.

தமிழ்ச் சொல் எனக்குக் கிடைத்தது புறக்கோட்டையில். பழைய சோனகத் தெருவில் ஒரு கடையில் கயிறு கேட்டபோது, என்னத்துக்கு என்று கேட்டார் கடைக்காரப் பெரியவர். தறப்பாளுக்கு நடுவால் போட என்றேன். “அப்ப முகட்டுக்குப் போடுற கயிறு எண்டு சொல்லுங்கோ தம்பி” என்றார். கிடுகு வேய்ந்த வீட்டில் வளர்ந்தவருக்கு அந்தச் சொல் தேடாமலே வருகிறது.

முகடு என்றால் உச்சி. மலைமுகடு, வானமுகடு என்கிறோம். வீட்டில் கூரையின் இரண்டு சாய்வுகளும் சேரும் இடம் முகடு. அங்கே நீளத்துக்குக் கிடக்கும் மரம் முகட்டுவளை. அதன் இரு பக்கமும் கைமரங்கள் இறங்கும். தமிழ்நாட்டில் ‘மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்’ என்கிறார்களே, அந்த மோட்டுவளையும் இதுதான். அகப்பை ஆப்பை ஆனதுபோல முகடு மோடு ஆகியிருக்கிறது. ஆக, தறப்பாளின் நடுவில் ஓடுவது முகட்டுவளையின் வேலையைச் செய்யும் கயிறு. முகட்டுக்கயிறு என்று சொன்னால் விளக்கம் இல்லாமலே விளங்கும். ‘முகட்டுவடம்’ என்றும் யோசித்தேன். ஆனால் வடம் என்றதும் தேர்வடம் நினைவுக்கு வருகிறது. இதுவோ 2, 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள நூல். ‘முகட்டுக்கொடி’ கேட்க அழகு, ஆனால் பறக்கும் கொடியோடு குழம்பும்.

முகட்டுவளைக்கும் முகட்டுக்கயிற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வளையை ஒருமுறை ஏற்றி வைத்தால் போதும். கயிறு தொய்யும். முதல்முறை பெலிஹுல்ஓயாவில் நான் நைலோன் கயிற்றை இரண்டு பக்கமும் இறுக்கமான முடிச்சாகப் போட்டுவிட்டேன். நைலோன் இழுபடும், நனைந்தால் இன்னும் கூட இழுபடும் என்பது அப்போது தெரியாது. நடு இரவில் மழை. முகடு இறங்கி, தறப்பாளில் குளம்போல நீர் தேங்கியது. முடிச்சோ நனைந்து இறுகி, அவிழ்க்க முடியவில்லை. இப்போது பொலியெஸ்டர் கயிறுதான் வாங்குகிறேன்.

அதனால் நல்ல முகட்டுக்கயிறு என்றால் நொடியில் இறுக்கவும் தளர்த்தவும் கூடியதாக இருக்க வேண்டும். ஒரு மரத்தைச் சுற்றி ஒரு கண்ணி போட்டுக் கட்டுங்கள். அந்தப் பக்கம் இனிக் கைவைக்கத் தேவையில்லை. மறு மரத்தில் லொறிக்காரர் கட்டு. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைமார் லொறியில் சரக்குக்கு மேல் தறப்பாளைப் போட்டு, கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி எடுத்து, முனையைக் கீழே கொளுக்கியில் சுற்றிக் கொண்டுவந்து அதற்குள் விட்டுக் கீழே இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கொளுக்கிக்குப் பதில் மரம். அந்தக் கண்ணி கப்பிபோல வேலை செய்வதால் கை இழுப்பதைவிட அதிக விசை கயிற்றில் ஏறும். கடைசி முடிச்சை உருவுதடமாக விட்டால், காலையில் முனையை ஒரு இழுப்பு இழுக்க அவிழ்ந்துவிடும்.

அப்புறம் தறப்பாளை நடுவுக்குக் கொண்டுவரும் வேலை. முகட்டுக்கயிற்றில் இரண்டு சிறு வளையங்களைப் புரூசிக் முடிச்சாகப் போட்டு, தறப்பாளின் இரு முனைகளையும் அவற்றில் கொளுவ வேண்டும். வளையக் கயிறு முகட்டுக்கயிற்றைவிட மெல்லியதாக இருக்கட்டும். மூன்று சுற்றுச் சுற்றுங்கள். கையால் தள்ளினால் நகரும், பாரம் இழுத்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் மலையேற்றத்துக்காக இதை விளக்கி எழுதினார், பெயரும் அவருடையதே. இதைத் தமிழில் ‘நகர்பிடி’ என்று நாங்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். படுக்கை இரண்டு மரங்களுக்கும் சரி நடுவில் இல்லாவிட்டாலும் இரண்டு நகர்பிடிகளையும் தள்ளி, தறப்பாளைப் படுக்கைக்கு நேர் மேலே நிறுத்தலாம். இதுதான் இந்த அமைப்பில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

மழையில் முகட்டுக்கயிறு வழியே நீர் உள்ளே ஓடி வரும். தறப்பாளுக்குச் சற்று வெளியே ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் அதில் இறங்கிச் சொட்டிவிடும்.

இன்னொரு குழப்பம். தொங்கு படுக்கையின் இரு தலைப்பையும் இணைத்து, அதற்கு மேலால் ஓடும் கயிற்றையும் ஆங்கிலத்தில் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். அது எந்த முகட்டையும் தாங்குவதில்லை. மரங்கள் கிட்ட இருந்தாலும் தூர இருந்தாலும் படுக்கையின் தொய்வு மாறாமல் பார்ப்பதே அதன் வேலை. வழக்கமாகப் படுக்கை நீளத்தில் 83 சதவீதம் வைப்பார்கள். 11 அடிப் படுக்கைக்கு ஏறக்குறைய 9 அடி 1½ அங்குலம். அதைத் தொய்வுக்கயிறு என்று வேறாகச் சொன்னால் நல்லது. ஏணையில் பிள்ளையை வளர்த்திய வீடுகளில், துணி எவ்வளவு தொய்ய வேண்டும் என்பதைக் கைக்கணக்கில் வைத்திருந்தார்கள். இங்கே அந்தக் கணக்கை இந்தக் கயிறு வைத்திருக்கிறது.