மெல்லிய கோடுகளை அழிப்பதற்கு முன்

நாட்டுக்கு எந்தத் துறை முக்கியம் என்று கேட்டால் பலரும் ஜிடிபி பங்கைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள். துறைகளுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலை வரைந்து பார்ப்பது என் வேலை. எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்கை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. மிக மோசமாக அடிபட்ட நான்கு மாகாணங்களின் பங்கு நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பக்கத்து இபராக்கியில் கார் பாகங்களைக் கட்டுப்படுத்தும் மைக்ரோகன்ட்ரோலர் சிப் செய்துவந்த ரெனேசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை முடங்கியதும், கார் தொழிற்சாலைகள் வரிசையாகத் தடுமாறின. ஃபுகுஷிமாவின் ஒனஹாமாவில் ஜெர்மானிய மெர்க் நிறுவனத்துக்கு ஓர் ஆலை இருந்தது. கார் பெயின்டுக்கு மினுமினுப்பு தரும் ஸிராலிக் என்ற நிறமி அப்போது உலகத்திலேயே அங்கு மட்டும்தான் தயாரானது. அது நின்றதும், குறிப்பிட்ட ஒரு கறுப்பு நிறத்தில் வண்டி ஆர்டர் செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவில் ஃபோர்டு தன் டீலர்களிடம் சொல்ல வேண்டிவந்தது. சில சிவப்புகளுக்கும் கட்டுப்பாடு!

சரி, துறைகளின் கொடுக்கல் வாங்கலைப் பதியும் அட்டவணையில் இது தெரியுமா? நாங்கள் பயன்படுத்துவது வாசிலி லியோன்டீஃப் உருவாக்கிய உள்ளீடு-வெளியீடு முறை. அதற்காக அவருக்கு 1973இல் நோபல் கிடைத்தது. கிடையாகப் படித்தால் ஒரு துறை யாருக்கு விற்கிறது என்று தெரியும். மேலிருந்து கீழே படித்தால் யாரிடம் வாங்குகிறது என்று தெரியும். இந்தியாவின் அளிப்பு-பயன்பாட்டு அட்டவணைகளில் 140 பொருட்கள், 66 தொழில்கள். ஒவ்வொரு துறையையும் ஒரு புள்ளியாக வைத்து, எல்லாக் கட்டத்துக்கும் கோடு போட்டால் படம் சிக்கிய நூல்கண்டுதான். அதனால் வாங்கும் துறையின் செலவில் 1 சதவீதத்துக்குக் கீழே உள்ள கோடுகளை அழித்துவிடுவது வழக்கம். படம் அழகாகிவிடும். மின்சாரமும் போக்குவரத்தும் வணிகமும் நடுவில் வந்து உட்காரும், எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ஒரு காரின் செலவில் நிறமிக்கு ஆகும் காசு எவ்வளவு? முதல் வெட்டிலேயே அது போய்விடும். கட்டத்தில் இருப்பது கைமாறிய பணம் மட்டும்தான், அந்தப் பொருள் இல்லாவிட்டால் எது நிற்கும் என்று அது சொல்லாது. போதாக்குறைக்கு, ரசாயனத் துறை முழுவதும் ஒரே புள்ளி. ஒனஹாமா அதற்குள் கரைந்துவிடும்.

எனவே யாராவது இப்படி ஒரு படத்தைக் காட்டினால், எவ்வளவுக்குக் கீழே அழித்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். அழித்தவற்றில் மாற்று இல்லாதது எது, அதை எத்தனை பேர் தயாரிக்கிறார்கள், எத்தனை நாள் கையிருப்பு என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை கொள்முதல் பிரிவில் இருப்பவர்களிடம்தான் கிடைக்கும் (பொருளாதார நிபுணர்களைவிட அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்). ஆனால் அவர்களுக்கும் தங்களுக்கு நேரடியாகச் சப்ளை செய்பவரைத் தாண்டி அதிகம் தெரியாது. டொயோட்டா 2011க்கு அப்புறம் பல அடுக்கு சப்ளையர்களைத் தேடிப் பட்டியலிட்டது, சிப்களைச் சில மாதங்களுக்குச் சேர்த்து வைக்கவும் சொன்னது. 2021 தொடக்கத்தில் சிப் தட்டுப்பாட்டால் மற்ற நிறுவனங்கள் திணறியபோது அது ஓரளவு தாக்குப்பிடித்தது. தென்கிழக்கு ஆசியாவில் கொரோனாவால் உதிரிபாக ஆலைகள் மூடியபோதோ, அந்த செப்டம்பருக்குத் திட்டமிட்டிருந்த உற்பத்தியில் 40 சதவீதத்தை அதுவும் வெட்ட வேண்டிவந்தது.