பட்டப்பின்படிப்புக்குப் பதியுமுன் ஆய்வுகூடக் கதவைத் தட்டுங்கள்

வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் விஞ்ஞானப் பட்டம் முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "சேர், பயோடெக்னோலொஜியில மாஸ்டர்ஸ் செய்தா வேலை கிடைக்குமா?"

"அதில ஆய்வுக்கு எத்தனை கிரெடிட்?" என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கட்டணம் தெரிந்திருக்கும், வகுப்பு சனி ஞாயிறா என்பதும் தெரிந்திருக்கும்.

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் முதுமாணி (மாஸ்டர்ஸ்) என்பது ஒரு படி அல்ல, இரண்டு. 9ஆம் மட்டம் பாடநெறி மட்டும், 30 கிரெடிட். 10ஆம் மட்டம் 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. ஏற்கெனவே நல்ல உத்தியோகத்தில் இருந்துகொண்டு பதவி உயர்வுக்காகப் படிப்பவருக்கு 9 போதும். ஆய்வுகூடத்தில் வேலை செய்ய நினைப்பவர் அதற்குக் காசு கட்டுவது வீண் என்பேன்.

வார இறுதி வகுப்பு வசதிதான். இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பில் இறங்கலாம். பாடம் சனி ஞாயிறுக்குள் அடங்கும், பற்றீரியா அடங்காது. ஈ.கோலை வளர ஓர் இரவு வேண்டும், 12 முதல் 16 மணித்தியாலம். ஞாயிறு பின்னேரம் போட்டதைத் திங்கள் காலை எடுத்து, பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையத்தைப் பிரித்து, அதைப் பார்க்க ஜெல்லில் ஓட்ட வேண்டும். அந்த நேரம் நீங்கள் கந்தோரில் இருப்பீர்கள். குழாயைத் தொட்டவர் யாரோ, ஆய்வேட்டில் பெயர் உங்களுடையது.

இது எங்கே பிடிபடும்? நேர்முகத்தேர்வில். நான் வழக்கமாகக் கேட்பது: இறால் குஞ்சுகளை வெண்புள்ளி வைரசுக்காகப் பிசிஆர் செய்கிறீர்கள், அதாவது வைரசின் டிஎன்ஏ இருந்தால் அதைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கிக் கண்டுபிடிக்கிறீர்கள். டிஎன்ஏ விடாமல் தண்ணீர் மட்டும் விட்ட குழாயிலும், வைரஸ் இருப்பதாகக் காட்டும் கோடு ஜெல்லில் விழுகிறது. என்ன செய்வீர்கள்?

"திரும்பச் செய்வேன்" என்பார்கள் பலர். கையால் செய்து பழகியவர் அப்படி நிறுத்த மாட்டார். அந்த ஓட்டத்தின் பெறுபேறு ஒன்றும் வெளியே போகாது என்பார். தண்ணீர், பிரைமர், என்சைம் எல்லாம் புதிதாகத் திறப்பேன், ஜெல் ஓட்டும் இடத்துப் பிப்பெட் கலவை போடும் மேசைக்கு வந்ததா என்று பார்ப்பேன் என்பார். ஒரு டிஎன்ஏ பிரதி 35 சுற்றில், கணக்குப்படி, 3,400 கோடியைத் தாண்டும். குழாய் மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளியே அடுத்த நாள் பரிசோதனையைக் கெடுக்கப் போதும்.

பண்ணைக்காரருக்கு இது புத்தக விசயம் இல்லை. 1996இல் புத்தளம், சிலாபம் பக்கத்துப் பண்ணைகளை இந்த நோய்தான் அழித்தது. குறி தெரிந்து 3 முதல் 10 நாளுக்குள் முழுக் குளமும் செத்துப்போகலாம், மருந்து கிடையாது. குஞ்சு விடுமுன் செய்யும் பரிசோதனையை நம்பித்தான் அவர் காசைத் தண்ணீரில் போடுகிறார்.

படிக்கிற இடம் பேராதனையாகவோ கொழும்பாகவோ இருக்கட்டும். தலைப்பை ஊரிலிருந்து கொண்டுபோங்கள். வாவி இறால் இருக்கிறது, அம்பாறை வயல்களில் நெல்லைத் தாக்கும் எரிபந்த நோய் இருக்கிறது. சட்டித் தயிரையே எடுங்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய எருமைப்பாலுக்கு உறை விடுகிறோம். ஒருநாள் கட்டியாக வரும், ஒருநாள் நீர் விடும். அந்த உறையில் உள்ள லக்டிக் அமில பற்றீரியாக்களைப் பிரித்து இனங்கண்டு, நிலையான உறையொன்றைத் தயாரிப்பது முழு முதுமாணி ஆய்வுக்குத் தாங்கும். தயிர் விற்பவரும் காது கொடுத்துக் கேட்பார்.

கையேட்டில் "தொழிற்றுறை இணைப்பு" என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். சில இடங்களில் அது ஒருநாள் தொழிற்சாலைச் சுற்றுலாதான், மதியச் சாப்பாட்டோடு. போன தொகுதியில் யாராவது கொம்பனிக்குள் இருந்து ஆய்வு செய்தார்களா, மாதிரிகளும் இரசாயனங்களும் யார் செலவு என்று பழைய மாணவரிடம் கேளுங்கள். 2022 டொலர் தட்டுப்பாட்டின்போது என்சைம் வராமல் ஆய்வு நின்றுபோனவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்வியின் அருமை தெரியும்.

கொம்பனியோடு ஒப்பந்தம் என்றால் பெறுபேறுகளை வெளியிட விடுவார்களா என்பதைக் கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் வாங்குங்கள். விடாவிட்டால், பிற்பாடு பிஎச்டிக்கு விண்ணப்பிக்கையில் இரண்டு வருட உழைப்பைக் காட்ட ஒரு கட்டுரைகூட உங்களிடம் இராது.