வெஸ்ட் பாயின்டா, ஆர்ஓடிசியா: பிள்ளை கையெழுத்திடும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

அமெரிக்கப் பொதுப்பள்ளி ஒன்றில் கல்லூரி ஆலோசகராகப் பணியாற்றும் இந்தப் பதினான்கு ஆண்டுகளில், பிள்ளை ராணுவ அதிகாரியாக விரும்புகிறது என்று சொல்லி வரும் பெற்றோரிடமிருந்து நான் அதிகம் கேட்ட சொல் 'ஃப்ரீ' என்பதுதான். நம் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் இலையுதிர் காலத்தில் வந்த தந்தை ஒருவர், "மேடம், ரெண்டு பக்கமும் ஃபீஸ் கிடையாது. அப்ப எதுக்குப் பெரிய பேர் இருக்கோ அதுல சேர்த்துடலாமே?" என்று கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகள் ஒன்றும் பேசாமல் அருகில் அமர்ந்திருந்தாள். கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடனைப் பிள்ளைதான் தன் இருபதுகளின் ஆண்டுகளைக் கொடுத்து அடைக்கப்போகிறது என்பதை அன்று அவருக்கு நெடுநேரம் விளக்க வேண்டியிருந்தது.

முதலில் இரண்டு வழிகளையும் தெளிவாக்கிக்கொள்வோம். 1802-இல் நிறுவப்பட்ட வெஸ்ட் பாயின்ட் தரைப்படைக்கும், 1845-இல் தோன்றிய அன்னாபொலிஸ் கடற்படைக்கும் மரைன் படைக்கும், 1954-இல் உருவான கொலராடோ ஸ்பிரிங்ஸ் அகாடமி விமானப்படைக்கும் உரிய அதிகாரிப் பயிற்சிக் கல்லூரிகள், அதாவது அகாடமிகள். இங்கே சேரும் பிள்ளைக்குப் படிப்பு, உணவு, உறைவிடம் அனைத்தையும் அரசே ஏற்று, மாதச் சம்பளமும் தருகிறது. ஆர்ஓடிசி என்பது சாதாரணப் பல்கலைக்கழகத்தில் மற்ற மாணவர்களோடு படித்துக்கொண்டே அதிகாரிப் பயிற்சி பெறும் ஏற்பாடு. 1916-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. இரண்டு வழியில் வருபவர்களும் பட்டம் பெறும்போது ஒரே கமிஷனை, அதாவது அதிகாரி நியமனத்தைப் பெறுகிறார்கள். தரைப்படையில் இருவருமே செகண்ட் லெப்டினன்ட்தான். நியூயார்க் சிட்டி கல்லூரியில் ஆர்ஓடிசி வழியாக 1958-இல் கமிஷன் பெற்ற காலின் பவல், 1989-இல் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவரானார். அகாடமியில் படிக்காவிட்டால் உயர் பதவி கிடைக்காது என்று அஞ்சும் பெற்றோருக்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு இது.

அகாடமிக்கு மதிப்பெண் மட்டும் போதாது, நாமினேஷன் எனப்படும் பரிந்துரையும் வேண்டும். உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர், மாநிலத்தின் இரு செனட்டர்கள், துணை அதிபர் ஆகியோரிடம் பிள்ளை தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஓர் உறுப்பினரின் கணக்கில் ஒரே நேரத்தில் ஓர் அகாடமியில் ஐந்து பேர் மட்டுமே படிக்க முடியும் என்பதால், போட்டி உங்கள் ஊருக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. 'நாமினேஷன்' என்றதும் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விட்டுவிட்ட குடும்பங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். உறுப்பினரின் அலுவலக இணையதளத்திலேயே படிவம் இருக்கும். பெரும்பாலும் ஒரு குழு நேர்காணல் நடத்தித்தான் தேர்ந்தெடுக்கிறது. ஆர்ஓடிசி உதவித்தொகைக்கு நாமினேஷன் தேவையில்லை.

அந்த உதவித்தொகையின் உள்ளடக்கத்தையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். தரைப்படையின் உதவித்தொகை பொதுவாகக் கல்விக் கட்டணத்தை ஏற்று, புத்தகங்களுக்கென ஆண்டுக்கு 1,200 டாலரும், கல்லூரி நடக்கும் மாதங்களில் மாதம் 420 டாலரும் தருகிறது. கல்விக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அறை வாடகையும் உணவும் அதில் அடங்காது. சில பல்கலைக்கழகங்கள் அதைத் தாமாகவே கொடுக்கின்றன, பல கொடுப்பதில்லை. விமானப்படையின் உதவித்தொகையிலோ பல வகைகள் உள்ளன, சிலவற்றில் உச்சவரம்பும் உண்டு. இதையெல்லாம்விட முக்கியமானது, உதவித்தொகையும் கல்லூரி அனுமதியும் வேறு வேறு என்பது. ராணுவம் உதவித்தொகை தந்தும் விரும்பிய பல்கலைக்கழகம் இடம் தராத நிலைமை ஆண்டுதோறும் யாருக்காவது நேர்கிறது. ஆகவே ஆர்ஓடிசி பிரிவு உள்ள நான்கைந்து கல்லூரிகளுக்காவது விண்ணப்பிக்கச் சொல்கிறேன். அவற்றில் ஒன்று சொந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகமாக இருக்கட்டும்.

அடுத்ததாக நான் பெற்றோரிடம் அல்ல, பிள்ளையிடம் கேட்கும் கேள்வி: "ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை உனக்கு எப்படி இருக்க வேண்டும்?" வெஸ்ட் பாயின்டில் முதல் கோடையிலேயே ஏறக்குறைய ஆறு வாரம் கடும் அடிப்படைப் பயிற்சி, அதன்பின் நான்கு ஆண்டுகளும் சீருடை, அணிவகுப்பு, கட்டாய விளையாட்டு, அனுமதி பெற்றே வெளியே போகும் வாழ்க்கை. பொய், ஏமாற்று, திருட்டு ஆகியவற்றோடு, அவற்றைச் செய்பவரைக் கண்டும் காணாமல் இருப்பதையும் அங்குள்ள நெறிமுறை குற்றமாகவே கொள்கிறது. இலக்கியத்தை முதன்மைப் பாடமாக எடுத்தவரும் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்து பி.எஸ். என்னும் அறிவியல் இளங்கலைப் பட்டத்தோடுதான் வெளியேறுவார். ஆர்ஓடிசியில் வாரத்தில் சில நாள் விடியற்காலை உடற்பயிற்சி, ராணுவ வகுப்பு, ஒரு நாள் சீருடை, கோடையில் முகாம்; மற்ற நேரமெல்லாம் விடுதியில் வாழும் சாதாரண மாணவர்தான். கட்டுப்பாட்டை வெளியிலிருந்து யாராவது அமைத்துத் தந்தால் மலரும் பிள்ளைகள் உண்டு. தாமே அமைத்துக்கொள்ளும்போது மலரும் பிள்ளைகளும் உண்டு. உங்கள் பிள்ளை எந்த வகை என்பது மதிப்பெண் பட்டியலில் தெரியாது, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியாக, டெக்சாஸ் ஏ அண்ட் எம், வர்ஜீனியா டெக், சிட்டாடல், நார்விச் போன்ற மூத்த ராணுவக் கல்லூரிகளில் கேடட் படைப்பிரிவில் சேர்ந்தும் ஆர்ஓடிசி படிக்கலாம்.

இனி நான் பெற்றோரை நிறுத்திப் படிக்கச் சொல்லும் பக்கம். அகாடமியில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் பணமோ பணியோ திருப்பித் தர வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டு வகுப்பு தொடங்கும்போது கடமை பிணைக்கிறது. நான்காண்டு ஆர்ஓடிசி உதவித்தொகையில் இந்த அவகாசம் ஓர் ஆண்டுதான். இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைத்தபின் விலகினால், செலவழித்த தொகையைத் திருப்பிக் கட்டவோ சிப்பாயாகப் பணியாற்றவோ நேரலாம். பல தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டிவிட்ட நிலையில், பத்தொன்பது வயதில் மனம் மாறும் ஒரு பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று எண்ணிப் பாருங்கள். பட்டம் பெற்றபின் அகாடமியினருக்கு ஐந்து ஆண்டு முழுநேரப் படைப்பணி. ஆர்ஓடிசி உதவித்தொகை பெற்றவர்களுக்குத் தரைப்படையிலும் விமானப்படையிலும் பொதுவாக நான்கு, கடற்படை அதிகாரியாக வருபவருக்கு ஐந்து. தேவைப்பட்டால் மட்டும் அழைக்கப்படும் ரிசர்வ் காலத்தையும் சேர்த்தால் எல்லோருக்கும் மொத்தம் எட்டு ஆண்டு. விமானப்படையில் விமானியாக விரும்பினால், பயிற்சி முடிந்த நாளிலிருந்து பத்து ஆண்டு. பிற்பாடு மேற்படிப்புக்கு, படையில் பணியாற்றியவர்களுக்கான கல்விச் சலுகையான ஜிஐ பில் இருக்கிறதே என்று நம்புவோரும் கவனிக்க வேண்டும்: இந்தக் கட்டாயப் பணி ஆண்டுகள் அந்தச் சலுகையின் கணக்கில் சேர்வதில்லை.

நம்மவர்களுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டியவை சில. இரு வழிகளுக்கும் அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். இந்தியாவில் பிறந்து, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளரும் பிள்ளை எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்த உதவித்தொகைக்குத் தகுதி பெறாது என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே வீட்டில் பேசிவிடுவது நல்லது. கிரீன் கார்டு பெற்ற பிள்ளை பதினெட்டு வயதுக்குள் இருந்து, உடன் வாழும் தாயோ தந்தையோ குடியுரிமை பெற்றால், பிள்ளைக்கும் அது தானாகவே வந்துவிடும். அதற்கான சான்றுகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு அனுமதி தேவைப்படுவதால், ஊரில் இருக்கும் உறவினர்களைப் பற்றிய கேள்விகள் வரும். மறைத்தால்தான் சிக்கல், உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

மருத்துவப் பரிசோதனையில் கனவு முறிந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இரு வழிகளுக்கும் பரிசோதிப்பது டாட்மெர்ப் என்ற ஒரே வாரியம். பதின்மூன்று வயதுக்குப் பிறகும் தொடர்ந்த ஆஸ்துமா, கடும் கிட்டப்பார்வை, உயிருக்கு ஆபத்தான உணவு ஒவ்வாமை, கவனக்குறைபாட்டுக்கு அண்மையில் எடுத்த மருந்து ஆகியவை தடையாகலாம். விலக்கு கோரலாம், அதைத் தருவதா மறுப்பதா என்பதை ஒவ்வோர் அமைப்பும் தனித்தனியே முடிவு செய்வதால், ஓரிடத்தில் மறுக்கப்பட்டது வேறிடத்தில் கிடைக்கக்கூடும். எனவே பதினோராம் வகுப்பு முடியும் கோடையிலேயே பழைய மருத்துவக் குறிப்புகளை எல்லாம் திரட்டிவிடுங்கள்.

பிள்ளை மருத்துவராக வேண்டும் என்று விரும்பும் பெற்றோருக்கு இன்னொன்று. வெஸ்ட் பாயின்டில் பட்டம் பெறும் ஏறக்குறைய ஆயிரம் பேரில், அதிகபட்சம் நூற்றுக்கு இரண்டு பேர்தான் நேரடியாக மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்படுகிறார்கள்.

அன்று வந்த தந்தையின் கேள்விக்கு விடை இப்படி ஒரு தகவலில்தான் கிடைத்தது. நெடுநேரம் பேசாமல் இருந்த அந்தப் பெண், "ஆன்ட்டி, நர்சிங் படிக்கணும்னா எங்க போகணும்?" என்று மெல்லக் கேட்டாள். வெஸ்ட் பாயின்டில் நர்சிங் பட்டப்படிப்பே கிடையாது. தரைப்படை ஆர்ஓடிசியில் அதற்கென்றே உதவித்தொகை உண்டு. தந்தை அதுவரை கொண்டுவந்திருந்த தாள்களை மடித்து வைத்துவிட்டு, மகளைப் பார்த்து, "இதை ஏன்மா எங்கிட்ட சொல்லல?" என்றார். அந்த வாரமே நர்சிங் துறையும் ஆர்ஓடிசியும் சேர்ந்திருக்கும் கல்லூரிகளின் பட்டியலை மூவரும் உட்கார்ந்து எழுதினோம். முதலில் விரும்பிய கல்லூரியின் நர்சிங் துறை அவளுக்கு இடம் தரவில்லை, இரண்டாவது தந்தது. சென்ற கோடையில் கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸ் முகாமை முடித்திருக்கிறாள். வரும் மே மாதம் தரைப்படைச் செவிலியர் பிரிவில் கமிஷன் பெறுகிறாள்.