செண்பகம் பூக்கலையா? ஆணியைக் கீழே வையுங்கள்

மறுபடியும் அதே காட்சி. செண்பகத்தின் அடிமரத்தில் மூன்று ஆணி, சுற்றிலும் வேரை அறுத்துப் பள்ளம், பள்ளத்தில் ஒரு படி கல் உப்பு. "ஆறு வருஷமா பூக்கலைங்க, அதான்" என்று விளக்கம் வேறு!

மரத்துக்கு ரோஷம் வந்து பூக்காது, சாமி. தென்னைக்குப் போடுவதைப் பார்த்து இதற்கும் உப்பைக் கொட்டுகிறார்கள். தென்னை தாங்கும், செண்பகம் இலை நுனி கருகிக் காயும். இதன் வேர் சதைப்பற்றானது, வெட்டுப்பட்ட இடம் ஈரத்தில் அழுகிவிடும். வதைபட்ட மரம் சில சமயம் ஒருமுறை பூத்துத் தள்ளும், உண்மைதான். "பலிச்சிடுச்சு" என்று சொல்பவர்கள் அடுத்த வருடம் விறகு பொறுக்குவார்கள்.

ஆறு வருடத்தில் பூக்காதது நோயே இல்லை. விதைக்கன்று பூக்க 8 முதல் 10 வருடம் ஆகும். ஒட்டுக்கன்று 2, 3 வருடத்தில் பூக்கும். வாங்கும்போதே அடித்தண்டில் ஒட்டுக் கட்டிய தழும்பைத் தடவிப் பாருங்கள். நடும்போது அந்தத் தழும்பு மண்ணுக்கு மேலே நிற்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளி எறியுங்கள். விட்டால் ஒட்டுக்கு வேராக நிற்கும் அடிச்செடி மேலேறி ஒட்டை அமுக்கிவிடும். இரண்டும் பெரும்பாலும் செண்பகமே என்பதால் இலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஒட்டுக்கன்றும் பூக்கவில்லையா? வெயிலைப் பாருங்கள், தினம் ஆறு மணி நேரமாவது வேண்டும். யூரியாவை நிறுத்துங்கள், அது இலையைத்தான் வளர்க்கும்.

நடுவதற்கு இரண்டடிக் குழி, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் போதும். களிமண்ணாக இருந்தால் குழியே வேண்டாம், ஓரடி மேடு கட்டி நடுங்கள். தண்ணீர் தேங்கினால் செண்பகம் பிழைக்காது. கவரைக் கிழிக்கும்போது வேர்மண் உடையக் கூடாது. வளர்ந்த கன்றைப் பிடுங்கி இடம் மாற்றும் யோசனையே வேண்டாம், தயவுசெய்து.

நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணில் சகஜம். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

உப்பை ஏற்கெனவே போட்டாயிற்றா? மேல்மண்ணை அரையடி வாரி எடுத்துவிட்டு, மூன்று நாள் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். தண்ணீர் வடிய வழி இருக்க வேண்டும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் உதவாது. உள்ளே இறங்கிப்போன ஆணியை நோண்டாமல் விட்டுவிடுங்கள். அதையும் பெயர்த்தெடுத்து இன்னொரு காயம் வைக்காதீர்கள்.