குளத்தை மூடும் இரண்டு பச்சைகள்

நவம்பர் மழையில் குளம் நிரம்பும்போது துருசடியில், அதாவது நீர் திறந்துவிடும் மதகடியில், ஒரு சதுர மீற்றர் சல்வீனியாக் களை மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தனியாகவே அள்ளி எறிந்துவிடக்கூடிய அளவுதான். வாரம் ஒருமுறை அது இரட்டித்தால் 12 வாரத்தில் 4,096 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர். 16ஆவது வாரத்தில், சிறுபோகத்துக்கு எவ்வளவு விதைக்கலாம் என்று கமக்காரர்கள் கூடிப் பேசும் வேளையில், அது 16 ஏக்கர். வாரம் ஒருமுறை என்பதே குறைத்துப் போட்ட கணக்கு. சத்து நிறைந்த வெதுவெதுப்பான நீரில் சல்வீனியா இரண்டு மூன்று நாட்களிலேயே இரட்டிக்க வல்லது. பாதிக் குளம் மூடியபின் விழித்துக்கொண்டால் நம் கையில் இருப்பது ஒரே ஓர் இரட்டிப்புக் காலந்தான்.

வட இலங்கையின் வன்னிக் குளங்களை வருத்தும் மிதக்கும் களைகளில் முதன்மையானவை இரண்டு: சல்வீனியா, ஆகாயத்தாமரை. பின்னதைச் சில இடங்களில் ஆற்றுவாழை என்பார்கள். இரண்டையும் 'சல்லு' என்று ஒன்றாகச் சேர்த்து, ஒரே நாளில், ஒரே பெக்கோ இயந்திரத்தால் அள்ளுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இவை பெருகும் வழியும் வேறு, சாகும் வழியும் வேறு.

சல்வீனியா பூக்காது, விதைக்காது. அது நீரில் மிதக்கும் ஒரு பன்னம். பொதுவாகப் பன்னங்கள் வித்திகளால் இனம்பெருக்கும். இதன் கலங்களிலோ பரம்பரைக் கூறுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்களின் தொகுதிகள் இரட்டையாக இல்லாமல் ஐந்தாக இருக்கின்றன. ஒற்றை எண்ணைச் சமமாகப் பங்கிட முடியாததால் முளைக்கக்கூடிய வித்தி உருவாவதில்லை. தண்டு ஒடிவதால் மட்டுமே அது பெருகுகிறது. கணு ஒன்று மிஞ்சினால் போதும். மீன் வலையிலும் தோணியின் அடியிலும் உழவு இயந்திரத்தின் சில்லிலும் ஒட்டிக்கொண்டு ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்கு அது போய்ச் சேரும்.

அதன் இலையை ஒருமுறை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மேற்பரப்பு முழுவதும் முட்டை அடிக்கும் கம்பி போன்ற மயிர்கள். நான்கு கிளைகள் வளைந்து நுனியில் ஒன்றுசேர்கின்றன. உடல் முழுதும் மெழுகு பூசி நீரை விலக்க, நுனி மட்டும் நீரைப் பிடித்துக்கொள்கிறது. இடையில் ஒரு காற்றுப் படலம் சிறைப்படுகிறது. அழுத்தி நனைத்தாலும் இலை காய்ந்தபடியே மேலே வருவது இதனால்தான்.

இந்தப் பாய் தடிக்கும்போது கீழே வெளிச்சம் அற்றுப்போகிறது. நீருக்குள் வாழும் பாசிகளால் ஒளித்தொகுப்புச் செய்ய முடியாது. மேலே மிதக்கும் இலைகள் தரும் ஒட்சிசன் காற்றுக்குப் போகிறதேயொழிய நீருக்கு வருவதில்லை. செத்த இலைகள் அடியில் அழுகி, மிஞ்சிய ஒட்சிசனையும் குடித்துவிடுகின்றன. விரால் மேலே வந்து காற்றை விழுங்கித் தப்பும். வலைக்காரரின் வருமானமான திலாப்பியாவுக்கு அந்த வசதி இல்லை.

தென்னமெரிக்காவுக்கு உரிய இந்தச் செடி 1939இல் கொழும்பில் தாவரவியல் கற்பிப்பதற்காக இலங்கைக்கு வந்தது. அதற்கு முன்பே வந்திறங்கிய ஆகாயத்தாமரையைத் தடுக்க 1909இலேயே இங்கு தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அந்தப் பாடம் இருந்தும் இன்னொன்றை உள்ளே விட்டோம் என்பது இன்றுவரை மனதை உறுத்துகிறது.

சல்வீனியாவை வென்ற கதை ஒரு சிறு கறுப்பு வண்டின் கதை. இரண்டு மில்லிமீற்றரளவே நீளமுள்ள அந்த வண்டை ஆய்வாளர்கள் தென்கிழக்கு பிரேசிலில், செடியின் சொந்த நிலத்தில் தேடிக் கண்டெடுத்தார்கள். 1980இல் அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். முதிர்ந்த வண்டு மொட்டைத் தின்றது, புழு தண்டைக் குடைந்தது. ஓராண்டு சற்றுக் கடந்ததும் ஏரி தெளிந்தது. பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றுச் சமவெளியிலோ சல்வீனியா 250 சதுர கிலோமீற்றர் பரந்து, தோணி விட வழியில்லாமல் மக்கள் ஊரைக் கைவிட்டுப் போகவேண்டியிருந்தது. அங்கே விட்ட வண்டு முதலில் பெருகவில்லை. செடியின் உடலில் நைதரசன் போதாமல் இருந்ததே காரணம். ஆய்வாளர்கள் களைக்கே யூரியா இட்டார்கள்! இலை கொழுத்தது, வண்டு பெருகியது. கடிபட்ட செடியில் புதுத் தளிர் வர, அதில் நைதரசன் மேலும் கூடியது. பிறகு யூரியாவே தேவைப்படவில்லை.

1986இல் அந்த வண்டு இலங்கைக்கும் வந்தது. அதற்கு முன் 1970களில் ஒரு வெட்டுக்கிளியை விட்டுப் பார்த்தும் பயன் கிடைக்கவில்லை. வன்னியில் யூரியா தெளிக்க வேண்டிய தேவையே இல்லை, மேல் வயல்களிலிருந்து வடிந்து வரும் நீர் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இங்குள்ள சிக்கல் கோடை. சிறு குளங்கள் ஓகஸ்ட், செப்டெம்பரில் வற்றுகின்றன. செடி காய, வண்டும் அழிகிறது. மழை வந்ததும் எங்கோ தப்பிய ஒரு துண்டுச் செடி உடனே பெருகத் தொடங்கும், வண்டோ பின்தங்கிவிடும். குளத்தை மொத்தமாக அள்ளிச் சுத்தம் செய்தாலும் இதுவே நடக்கும். ஆகவே, இலைகள் பழுப்பேறி மொட்டுகள் கறுத்துக் கிடக்கும் பகுதியைக் கண்டால் அதை அள்ளாதீர்கள். அங்கே வண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. அதில் இரண்டு கூடை எடுத்துப் பச்சையாக இருக்கும் பக்கத்தில் போடுவது பெக்கோவுக்குக் கொடுக்கும் கூலியைவிடப் பயன் தரும்.

ஆகாயத்தாமரைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அது ஓடுதண்டு விட்டுப் பெருகுவதோடு விதையும் போடுகிறது. பூ வாடியதும் காம்பு வளைந்து நீருக்குள் தலை குனியும். விதை சேற்றில் இறங்கி 20 ஆண்டுவரை உயிரோடு கிடக்கும். இடம்பெயர்ந்து போன காலத்தில் விழுந்த விதை, மீள்குடியேறி வயல் திருத்தி, பிள்ளைகள் வளர்ந்த பிறகும் முளைக்கலாம். முளைக்க அதற்கு வேண்டியது வெளிச்சம், சூடு, ஆழமில்லாத நீர். வற்றி மீண்டும் நனையும் குளக்கரை இவை மூன்றையும் கொடுக்கிறது. சல்வீனியாவை அழிக்கும் அதே கோடை ஆகாயத்தாமரையை முளைக்க வைக்கிறது.

எனவே அதை அள்ள வேண்டியது ஊதாப் பூ விரிவதற்கு முன். முதல் மழைக்குப் பின் ஈரச் சேற்றில் எழும் நாற்றுகளைக் கையால் பிடுங்குவது அதைவிட இலகு. அள்ளியதைக் குளக்கட்டிலேயே குவிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அடுத்த மழை அதை மீண்டும் உள்ளே கழுவிவிடும். உடலில் 90 சதவீதத்துக்கு மேல் நீர் என்பதால் உழவு இயந்திரப் பெட்டியில் நாம் ஏற்றிப்போவது பெரும்பாலும் தண்ணீரையே. நீர்மட்டத்துக்கு மேலே மெல்லியதாகப் பரப்பிக் காயவிட்டுப் பிறகு ஏற்றினால் சுமை குறையும். தடித்த குவியலாக விட்டால் நடுவில் இருப்பது ஈரத்தோடு பிழைத்துக்கொள்ளும். கூட்டெரு செய்யலாம், நல்ல எருதான். நகரக் கழிவுநீர் சேரும் குளத்துச் செடிக்கு மட்டும் அந்த யோசனை வேண்டாம். ஆகாயத்தாமரை பார உலோகங்களை வேரில் உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். மரக்கறிப் பாத்திக்கு அது உகந்ததல்ல. குளிக்கவும் குடிக்கவும் பயன்படும் குளத்தில் களைநாசினி அடிப்பதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெருங்குளங்களில் காற்றும் அலையும் பாயை ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். அந்த மூலையில் மிதவைக் கயிறு கட்டி மறித்து அள்ளினால் போதும். சிறு குளங்களில்தான் ஊர் கூட வேண்டும், அதுவும் செப்டெம்பரில். குளம் வற்றிக் கிடக்கும்போது ஈரம் மிஞ்சும் இடங்கள் சில மட்டுமே: துருசின் அடிக்கிடங்கு, கட்டுக்கு மண் தோண்டிய குழி, எருமை புரண்ட பள்ளம், கைவிட்ட கிணறு. நவம்பர் மழையில் தொடங்கி 16 ஏக்கராக விரியப்போகும் சல்வீனியா அப்போது இவற்றில் ஒன்றிலே இருக்கும். இரண்டு பேரும் ஒரு வலைக்கூடையும் ஒரு காலைப்பொழுதும் இருந்தால் அதை எடுத்துவிடலாம்.