ஆறு படத்துக்கு ஒரு லப்டொப்பா?

போன செவ்வாய்க்கிழமை புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி முதல் பஸ்ஸிலேயே கிளிநொச்சிக்கு வந்து என் அறைக் கதவைத் தட்டினார். கையில் லப்டொப், முகத்தில் உயிரில்லை. திறந்து பார்த்தேன். எல்லாக் கோப்பின் வாலிலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்து ஒட்டியிருக்கிறது, கோப்புறை ஒவ்வொன்றிலும் ஒரு கடிதம் கிடக்கிறது: 980 டொலர் தா, 72 மணித்தியாலத்துக்குள் பேசினால் பாதி விலை, 490. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வைரஸ். இந்த வருடத்தில் எனக்கு இது நான்காவது. நான்கிலும் கதை ஒன்றுதான், போட்டோசொப் கிராக், அதாவது காசு கட்டாமல் ஓடப் பூட்டை உடைத்த களவுப் பிரதி.

என்ன வேலைக்காக இறக்கினீர்கள் என்று கேட்டேன். ஒரு கடைக்கு இணையத்தளம் செய்கிறாராம், ஆறு படத்தின் அகலத்தை 1200 பிக்சலாக, அதாவது 1200 புள்ளியாகக் குறைக்க வேண்டுமாம். அவ்வளவுதான். ஆறு படம்! அதற்காக ஒரு வீடியோவின் கீழே கிடந்த இணைப்புக்குப் போய், "முதலில் வைரஸ் காட்டை (வைரஸைத் தடுக்கும் மென்பொருளை) ஒஃப் பண்ணுங்கள்" என்று அங்கே எழுதியிருந்ததையும் பக்தியோடு செய்து முடித்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவன் படலையடியில் நின்று "நாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திற" என்றால் திறப்போமா?

அதே லப்டொப்பில், அவருடைய பெரியம்மா இடம்பெயர்ந்த இடமெல்லாம் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுதிரிந்த குடும்பப் படங்களை ஸ்கான் பண்ணி வைத்திருந்தார். மூலப்படங்கள் பெரியம்மாவிடம் பத்திரமாக இருக்கின்றன, நல்லகாலம். தம்பியின் இரண்டு வருட வேலைக்கு அந்த நல்லகாலம் இல்லை. இந்த இனத்து வைரஸ்களில் 2019 ஆகஸ்டுக்கு முந்திய வகைகள் பலவற்றுக்கு இலவசத் திறப்பு உண்டு, பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. பூட்டியதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும் அள்ளிக்கொண்டு போகும் சாமான் பலமுறை கூடவே வரும். பிறகு வாடிக்கையாளரின் தளத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடும், அவர் உங்களைத் தேடுவார்.

நாளாந்த வெப் வேலையில் படத்தோடு நாம் செய்வது என்ன? வெட்டுகிறோம், அளவைக் குறைக்கிறோம், அமுக்குகிறோம், ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறோம். எப்போதாவது ஒரு பின்னணியை எடுக்கிறோம். பதினைந்து வருடமாக இதுதான் என் பிழைப்பு, பத்துக்கு ஒன்பது நாள் இந்த நான்கையும் தாண்டியதில்லை. போட்டோசொப் நல்ல சாமான், இல்லை என்று சொல்லவில்லை. பத்திரிகைக்கும் விளம்பரப் பலகைக்கும் வேலை செய்கிறவர் காசு கட்டி வாங்கட்டும். நமக்கு நெல் குற்ற உலக்கை போதும், மில் தேவையில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். வெப்புக்குப் போடும் படம் 72 டிபிஐயில்தான் இருக்கவேண்டும் என்ற பழைய நம்பிக்கையில் பிறந்த கேள்வி. பயிற்சி வகுப்பில் கேட்கிறார்கள், வட்சப்பில் கேட்கிறார்கள், போன மாதம் ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோதும் ஒருவர் கேட்டார்: "அப்ப 72 டிபிஐ ஆக்கிறது எப்பிடி அண்ணை? அதுக்குப் போட்டோசொப் வேணுமே?"

வேண்டாம். போட்டோசொப்பும் வேண்டாம், 72ம் வேண்டாம். இதை ஒருமுறை ஆற அமரச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைச் சோற்றுக் கோப்பையோடு நிறுத்திவைத்துக் கேட்காதீர்கள். டிபிஐ என்பது கோப்பின் தலையில் எழுதி வைத்திருக்கும் ஓர் எண். தாளில் அச்சடிக்கும்போது ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புள்ளியை அடுக்குவது என்று அச்சுக்காரருக்குச் சொல்லும் குறிப்பு. 1200 பிக்சல் அகலப் படத்தை 300இல் அச்சடித்தால் நான்கு அங்குலம் வரும், 72இல் அடித்தால் பதினாறரை அங்குலத்துக்கு மேல் வரும். திரையில் இரண்டும் அதே 1200 பிக்சல். கோப்பின் எடையும் அதேதான். நம்பாதவர்கள் ஒரே படத்தை 72 என்று ஒன்று, 300 என்று ஒன்று சேமித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்போ இந்த 72 எங்கிருந்து வந்தது? 1984இல் வந்த முதல் மெக்கின்டொஷ் திரையில் அங்குலத்துக்கு 72 பிக்சல். அச்சுக்கலையில் எழுத்தை அளக்கும் பொயின்ட் ஓர் அங்குலத்துக்கு 72 என்பதால் திரையில் தெரிகிற அளவிலேயே தாளிலும் வரட்டும் என்று அப்படிச் செய்தார்கள். அந்தத் திரைகள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன, எண் மட்டும் பேய் மாதிரி நின்றுவிட்டது. அது சாகாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போட்டோசொப்பின் அளவுப் பெட்டியில் "ரீசாம்பிள்" என்ற சரி அடையாளம் போட்டிருக்கும்போது 300ஐ 72 ஆக்கினால் 4000 பிக்சல் படம் 960 பிக்சலாகச் சுருங்கிவிடும். படம் இலேசாகிவிட்டது, ஆகவே 72 வேலை செய்தது என்று நினைக்கிறார்கள். இலேசாக்கியது பிக்சல் குறைந்ததுதான். இன்னும் சந்தேகமா? உங்கள் போனில் எடுத்த படத்தின் பண்புகளைத் திறந்து பாருங்கள், பெரும்பாலான போன்களில் 72 என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் படம் 5 எம்பி.

அந்த 5 எம்பி படங்களை ஆறாகப் போட்டால் பக்கம் 30 எம்பி. துணுக்காய்ப் பக்கம் செக்கனுக்கு 2 மெகாபிட் கிடைக்கிற ஒருவருக்கு அது திறந்து முடிய இரண்டு நிமிடம் பிடிக்கும். யார் இருப்பார்கள்? அவருடைய டேட்டாவும் அவர் காசு.

சரி, எதை எடுப்பது? விண்டோஸ் வைத்திருக்கிறவர்களுக்கு என் முதல் பதில் பெயின்ட் டொட் நெற். 2004இல் வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் வேலையாகத் தொடங்கியது, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய சொந்தத் தளத்தில் இலவசம், மைக்ரோசொப்ட் கடையில் காசு. அடுக்குகள் உண்டு, ஜேபெக் (ஃபோட்டோவுக்கான கோப்பு வடிவம்) தரத்தைக் கூட்டிக் குறைக்கும்போது கோப்பு எவ்வளவு வரும் என்று சேமிக்க முன்னமே காட்டும். பழைய லப்டொப்பிலும் சட்டென்று திறக்கும். பத்து நிமிடத்தில் பழகலாம்.

லினக்ஸ்காரர்களுக்கும் கொஞ்சம் கூடுதலாகச் செய்ய நினைப்பவர்களுக்கும் கிம்ப். 1995இல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது, 2025 மார்ச்சில் 3.0 வந்துவிட்டது. முகம் கொஞ்சம் கடுகடுப்பு, பழகினால் நல்ல மனுசன். ஒன்றை மட்டும் கவனியுங்கள், அதில் "சேவ்" கொடுத்தால் அதன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில்தான் போகும், ஜேபெக் வேண்டுமானால் "எக்ஸ்போர்ட்". இது தெரியாமல் ஒருவர் எக்ஸ்சிஎஃப் கோப்பைத் தளத்தில் ஏற்றிவிட்டு "படம் வருகுதில்லை" என்று இரவு பதினொரு மணிக்கு எனக்குக் கோல் எடுத்தார்.

கொழும்பிலிருந்து டிசைனர் போட்டோசொப்பின் பிஎஸ்டி கோப்பு அனுப்பிவிட்டாரா? பயப்பட வேண்டாம், உலாவியிலேயே போட்டோபீ தளத்தைத் திறந்து அதற்குள் போடுங்கள். கோப்பு எங்கேயும் ஏறாது, உங்கள் கணினிக்குள்ளேயே வேலை நடக்கும். பக்கத்தில் விளம்பரம் ஓடும், ஓடட்டும். அமுக்குவதற்கு மட்டும் என்றால், அதேபோல உலாவியில் ஓடும் ஸ்குவூஷ். நடுவில் ஒரு கோடு, இழுத்தால் இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. தரம் 75 வைத்தால் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இர்ஃபான்வியூ நூறு படத்தை ஒரேயடியாகக் குறைக்கும். ஆனால் அது வீட்டுப் பாவனைக்குத்தான் இலவசம், தொழிலுக்கு எடுக்கிறவர்கள் காசு கட்டிப் பதிய வேண்டும். கிராக்கை விட்டு வந்து இதில் களவெடுக்காதீர்கள். கட்டளை வரி பழகியவர்களுக்கு இமேஜ்மெஜிக் இருக்கிறது. அதன் "மொக்ரிஃபை" கட்டளை மூலக்கோப்பின் மேலேயே எழுதிவிடும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

வடிவத்தைப் பற்றி நீட்ட மாட்டேன். ஃபோட்டோவுக்கு ஜேபெக் அல்லது வெப்பி, திரைப்பிடிப்புக்குப் பிஎன்ஜி, லோகோவுக்கு எஸ்விஜி, அதை வரைய இங்க்ஸ்கேப். 2020இல் அப்பிளின் சஃபாரி உலாவியும் சேர்ந்துகொண்டதால் வெப்பியை இனித் தயங்காமல் போடலாம். பக்கத்தில் 600 பிக்சலில் தெரியும் படத்தை 1200இல் வைத்தால் நல்ல போன் திரையிலும் துலக்கமாக இருக்கும், அதற்கு மேல் வீண்.

இன்னொரு தலையிடி தமிழ். கோயில் திருவிழா அறிவித்தலைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் படமாக்கி அப்படியே தளத்தில் ஒட்டுகிறார்கள். போனில் பார்த்தால் எறும்பு ஊர்வது போலிருக்கும், தேடினால் அகப்படாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் வாய் திறக்காது. எழுத்தை எழுத்தாகப் போடுங்கள் ஐயா. படத்துக்குள் தமிழ் வந்தே ஆகவேண்டும் என்றால் கிம்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வரும். பழைய போட்டோசொப் கிராக்கில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய் நிற்கும். அந்தப் பதிப்பைத்தான் பொக்கிசமாகப் பென்டிரைவில் வைத்திருக்கிறீர்கள்.

இனிச் செய்யவேண்டியவை. எதை இறக்கினாலும் அதன் சொந்தத் தளத்தில் இறக்குங்கள், தேடல் பக்கத்தின் உச்சியில் வரும் விளம்பரத்தை அமத்தாதீர்கள். வைரஸ் காட்டை ஒஃப் பண்ணச் சொல்லும் எதையும் அந்த இடத்திலேயே அழியுங்கள். மூலப்படத்தைத் தொடாமல் பிரதியில் வேலை செய்யுங்கள். ஜேபெக்கைத் திறந்து திறந்து சேமித்தால் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கெடும். மற்ற ஆட்களுக்கு வேலை செய்கிறவர்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருப்பதையும் ஞாபகம் வைத்திருங்கள்.

தங்கச்சிமாரிடம் ஒரு கெஞ்சல். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆள்கூறு இருக்கலாம். வீட்டு முற்றத்தில் வைத்துத் தையல் சாமான்களைப் படமெடுத்து விற்கிறீர்கள், அந்தப் படத்தை அப்படியே தளத்தில் போட்டால் வீட்டுக்கு வழியும் சேர்த்துப் போட்டமாதிரி. ஸ்குவூஷால் ஒருதரம் ஓட்டினால் அந்தத் தகவல் கழன்றுவிடும். தயவுசெய்து செய்யுங்கள்.

தம்பியின் லப்டொப்பைத் துடைத்து விண்டோஸ் போட்டு, பெயின்ட் டொட் நெற் இறக்கிக் கொடுத்தேன். பூட்டப்பட்ட கோப்புகளைத் தனி வட்டில் எடுத்து வைத்திருக்கிறோம், ஒருநாள் திறப்பு வந்தாலும் வரலாம். கடைக்காரரிடம் படங்களைத் திருப்பி வாங்கி அவரே குறைத்தார், ஆறும் கால் மணித்தியாலத்தில் முடிந்தது. 30 எம்பி ஒரு எம்பிக்குக் கிட்ட வந்தது. பின்னேரம் கடைக்காரரின் கோல்: "தம்பி, படம் நல்லாயிருக்கு. கடை லோகோவை வட்சப்பில போட்டிருக்கிறன், அதை மேலுக்குப் பெருசாப் போடுங்கோ."

வட்சப் அதை நசித்து அனுப்பியிருந்தது. டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லியிருக்கிறோம். இன்னும் வரவில்லை.